பார்க்காமல் ஆடின கை

சீட்டாட்டத்துக்கு வெக்கிற புளியங்கொட்டையை வறுக்கக் கூடாது. வறுத்தா எவனாவது பேசிக்கிட்டே எடுத்து வாயில போட்டுப்பான், கணக்கு கெட்டுடும். பச்சைக் கொட்டைதான் சரி. கழுவிக் காய வெச்சு துணிப்பையில கட்டி வெச்சிருக்கேன். காசு வெச்சு ஆடினா போலீஸ் வரும்னு கலையரசனுக்குப் பயம். அதனால நம்ம மாடியில எப்பவும் கொட்டைதான்.

நீ கேட்டது இது இல்லைன்னு தெரியும் அருணா. வாசப்படியில நிக்காம உள்ளே வந்து உட்காரு. சரி, நிக்கணும்னா நில்லு. சித்ரா பௌர்ணமி அன்னைக்கு இந்த மாடியில உங்கப்பாவுக்கு என்ன நடந்ததுன்னு கேட்டே. உண்மையைச் சொல்லுங்க மாமா, இங்கே இருக்கிறதா எங்க ஊர் கீழ்பென்னாத்தூருக்கே போறதான்னு அப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன்னு சொன்னே. நியாயமான பேச்சு. சொல்றேன். ஆனா எனக்கு வர்ற வரிசையிலதான் சொல்லுவேன்.

மூணு சீட்டுங்கறது சீட்டைப் பார்த்து ஆடுற ஆட்டம் இல்லை, ஆளைப் பார்த்து ஆடுறது. ஆளுக்கு மூணு சீட்டு. பெரிய சீட்டு உள்ளவன் ஜெயிப்பான். இல்லைன்னா கொட்டையை ஏத்திக்கிட்டே போய் மத்தவனை பயமுறுத்தி, அவனாவே கையைக் கீழே போட வெச்சவன் ஜெயிப்பான். ரெண்டாவதுதான் ஜாஸ்தி நடக்கும்.

போன வருஷம் நாம வாடகைக்கு விடற மூணாம் நம்பர் ரூம்ல ஒரு வெள்ளைக்காரன் இருந்தானே, ஞாபகம் இருக்கா. காலையில ஆசிரமத்துல கண்ணை மூடி உட்கார்ந்துட்டு வந்து, மத்தியானம் பூரா லேப்டாப்ல போக்கர்னு ஒரு சீட்டாட்டம் ஆடுவான். ஒருநாள் எங்க ஆட்டத்தை வந்து பார்த்தான். விமல்ராஜ் நடுவுல நின்னு அவன் இங்கிலீஷை மாத்திச் சொன்னான். எதிர்ல உட்கார்றவனை அவங்க தினுசு தினுசா பிரிச்சு வெச்சிருக்காங்களாம். பயந்தவன், வெறியன், எதுக்கும் விடாதவன்னு. தினுசுக்கு ஒரு ஆட்டமாம்.

"பெரியவரே, நீங்க ஆடறதும் அதேதான்னு சொல்றாருய்யா"ன்னான் விமல்ராஜ்.

"அதெல்லாம் இருக்கட்டும், இந்த மாசம் கரண்ட் பில்லுக்கு என்ன சொல்றான்னு கேளு"ன்னேன்.

ஆனா அவன் சொன்னது சரிதான். கலையரசன் பயந்தவன். வேன் ஓட்டின காலத்துலேயே முன்னாடி போற மாட்டு வண்டியைத் தாண்ட மாட்டான்னு பேரு. நல்ல சீட்டு இருந்தாதான் கொட்டையைத் தொடுவான். அவனை ஒண்ணுமில்லாத சீட்டை வெச்சு ரெண்டு தரம் ஏத்தினா போதும், "எனக்கு வேணாம்பா, நீயே வாரிக்கோ"ன்னு போட்டுடுவான். அவனா ஏத்தினா மட்டும் நாம போட்டுடணும்.

விமல்ராஜ் அதுக்கு நேர் எதிர். ரூம் புரோக்கர் வேலைக்கு ஏத்த வாய். எந்தக் கையையும் விடமாட்டான். "பெரியவரே, இன்னைக்கு உங்க வேட்டியை உருவாம இறங்க மாட்டேன்"ம்பான். "உருவினா துவைச்சுக் குடு"ம்பேன். அவனை பயமுறுத்தறது வேஸ்ட்டு. நல்ல சீட்டு வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாத கிழவன் மாதிரி இருந்து, வந்ததும் கம்மியா கம்மியா போட்டு அவனையே ஏத்த விடணும்.

உங்கப்பா ஏகாம்பரம் இந்த ரெண்டும் இல்லை. நிலத்துல மல்லாட்டைப் பயிர் போடுற மனுஷன், கொட்டையைக்கூட பாத்தி கட்டின மாதிரி வரிசையாத்தான் அடுக்குவார். சீட்டு மோசமா இருந்தா உடனே போட்டுடுவார். நல்லா இருந்தா கடைசி வரைக்கும் நகர மாட்டார். பொய் ஆட்டம் அவருக்கு வராது. அவர் மாதிரி ஆளை பயமுறுத்த முடியாது, ஏமாத்த முடியாது. உள்ளே வந்தார்னா நாம வெளியே போயிடறதுதான் புத்தி. ஆனா அவரை உட்கார வெக்க முடியும். நல்ல சீட்டைக் குடுத்துட்டா அவர் உட்கார்ந்தே இருப்பார். அதை நான் ரொம்ப நாளாவே கவனிச்சு வெச்சிருந்தேன்.

இன்னொண்ணு. ஆட்டத்துக்கு நடுவுல எழுந்தா கை போச்சுன்னு எங்க மாடியில ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டதே உங்கப்பாதான். விமல்ராஜ் போன் வந்தா எழுந்து போயிடுவான், மத்தவங்க எல்லாம் காத்துக்கிட்டு கிடக்கணும். ஒருநாள் உங்கப்பாவுக்குப் பொறுக்கலை. "எழுந்தவன் கை செத்த கை தம்பி. ஒரு ஒழுங்கு வேணாமா"ன்னார். எல்லாரும் ஒத்துக்கிட்டோம். அன்னையிலேர்ந்து மூத்திரம் வந்தாக்கூட அடக்கிக்கிட்டுதான் உட்கார்ந்திருப்பார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீற மாட்டார்.

இப்போ உன் விஷயத்துக்கு வரேன்.

என் பையன் மாறன் செங்கம் ரோட்டுல பைக்கோட விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு, உங்கப்பா மாசா மாசம் வந்தார். வந்தப்ப எல்லாம் ஒரே பேச்சு. "பொண்ணுக்கு வயசு இருக்கு சம்பந்தி. ஊர்ல உரக்கடை வெச்சிருக்கற பையன், முதல் சம்சாரம் தவறிட்டா, நல்ல மாதிரி. நீங்க சம்மதிச்சா கூட்டிட்டுப் போறேன்." நீ என்ன சொன்னேன்னும் எனக்குத் தெரியும். "மாமா வாயால போன்னு சொன்னா போறேன்பா, அவரை மீறி வரமாட்டேன்." அடுப்படியில நீ சொன்னது மாடிப்படியில எனக்குக் கேட்டது. அப்பாவும் பொண்ணும் என் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க. நான் குடுக்கலை.

எப்படிக் குடுப்பேன். ரூம் கேட்டு வர்ற வெள்ளைக்காரங்ககிட்ட பேசறது நீ. போன்ல புக்கிங் எடுக்கறது நீ. எனக்கு சோறு போடறது நீ. நீ போயிட்டா இந்தக் கிழவன் என்ன ஆவான்னு உங்கப்பா ஒரு தரம் கேட்டிருப்பாரா. கேட்கலை. நான் எனக்காக மட்டும் யோசிக்கலை. அந்த உரக்கடைக்காரன் மேல எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்தது இல்லைதான். பார்க்காமலே நம்பலை.

பௌர்ணமி அன்னைக்கு நடந்த கதையைக் கேளு. ரூம் எல்லாம் ரொம்பி, நீ ஓடிக்கிட்டு இருந்தே. கிரிவலத்துக்காக ரோட்டை அடைக்கறதுக்கு முன்னாலேயே உங்கப்பா பஸ் பிடிச்சு வந்துட்டார். கலையரசனும் விமல்ராஜும் மாடியில சீட்டைக் கலைச்சுக்கிட்டு இருந்தாங்க. உங்கப்பா கீழே பாத்ரூமுக்குப் போய் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கிட்டு வந்தார். வந்து என்கிட்ட, "ஊசி போட்டுட்டேன் சம்பந்தி, சாப்பாடு ஆச்சான்னு அருணாவைக் கேளுங்க"ன்னார்.

நான் கேட்கலை. "ஆகட்டும், ஒரு கை ஆடிட்டு இறங்கலாம் வாங்க"ன்னேன்.

அந்த நிமிஷத்துல என் மனசுல எதுவும் இல்லை. இதை நீ நம்பினாலும் சரி, நம்பலைன்னாலும் சரி.

சித்திரை வெயில். மேலே தகரம். உங்கப்பா சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உட்கார்ந்தார். சீட்டு போட்டாங்க. எங்க ஆட்டத்துல சீட்டைப் பார்க்காமலே கொட்டை போடலாம். பிளைண்டுன்னு சொல்லுவோம். பார்க்காம ஆடுறவன் ஒண்ணு போட்டா, பார்த்து ஆடுறவன் ரெண்டு போடணும். நான் என் சீட்டைக் கவுத்து வெச்சபடியே போட்டேன். கலையரசன் பார்த்துட்டு கையைப் போட்டான். விமல்ராஜுக்கு போன் வந்தது, ரூம் கேட்டு யாரோ பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்கன்னு, அவனும் போட்டுட்டு இறங்கி ஓடினான். உங்கப்பா சீட்டைப் பார்த்தார். பார்த்துட்டு ஓரம் தட்டி ஒண்ணு மேல ஒண்ணா சரியா வெச்சு, உள்ளங்கையால மூடினார். அவர் அப்படி மூடினா பெரிய சீட்டு. எனக்குத் தெரியும்.

வேற நாளா இருந்தா அங்கேயே நான் போட்டிருப்பேன்.

"சம்பந்தி, இந்தக் கையை நீங்க ஜெயிச்சா அருணாவை நானே பஸ் ஏத்தி கீழ்பென்னாத்தூர்ல கொண்டு வந்து விடறேன். நான் ஜெயிச்சா இனிமே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது"ன்னேன்.

"பொண்ணை வெச்சு எல்லாம் விளையாடாதீங்க சம்பந்தி."

"விளையாடலை. சத்தியமா சொல்றேன். நான் சீட்டைக்கூட பார்க்கலை, நீங்க பார்த்துட்டீங்க. உங்களுக்குத்தானே லாபம்."

கலையரசன், "யோவ் முருகையா, இது நல்லா இல்லைய்யா, நான் இதுல இல்லை"ன்னு துண்டை உதறிக்கிட்டு இறங்கிட்டான். உங்கப்பா உள்ளங்கைக்குள்ள இருந்த சீட்டை மறுபடி ஒரு தரம் திறந்து பார்த்தார். அப்புறம், "வாக்கு மாற மாட்டீங்களே"ன்னு கேட்டார். "மாற மாட்டேன்"னேன். ரெண்டு கொட்டையை எடுத்து வெச்சார்.

இங்கேதான் நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ரெண்டே பேர் மிஞ்சினா, பார்க்காம ஆடுறவன்தான் சீட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லலாம், அதுதான் ஷோ. பார்த்தவன் கேட்க முடியாது. அவன் போட்டுக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா கையை விட்டுடணும். நான் என் சீட்டைப் பார்க்காத வரைக்கும், நான் ஷோ கேட்காத வரைக்கும், அந்த ஆட்டத்துக்கு முடிவே இல்லை.

நான் ஒண்ணு போட்டேன், அவர் ரெண்டு. நான் ஒண்ணு, அவர் ரெண்டு.

நீ கீழேயிருந்து சாப்பாடு ஆச்சுன்னு கூப்பிட்டே. வரோம்மான்னேன். கொஞ்சம் பொறுத்து படி ஏறிப் பாதி வரைக்கும் வந்து, "அப்பா, ஆறிடும்பா"ன்னே. உங்கப்பா வாயைத் திறக்கறதுக்கு முன்னால நான் சொன்னேன், "ஆட்டத்துல இருக்கோம், நீ வந்தவங்களை கவனி." நீ இறங்கிட்டே. நீ ஏன் இறங்கினேன்னு ராத்திரியில உட்கார்ந்து அழாதே. நான் சொன்னா நீ கேட்பேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

அதுக்கப்புறம் அவருக்கு வேர்க்க ஆரம்பிச்சது. தகரத்துக்குக் கீழே எல்லாருக்கும்தான் வேர்க்கும். இது வேற வேர்வை. நெத்தியில மணி மணியா நின்னுச்சு, கை குளிர்ந்து போய் இருந்தது. கொட்டை எடுத்துக் குடுத்தப்ப பட்டுது. வரிசையா அடுக்கற மனுஷன் குவியலா தள்ளினார். ரெண்டு போட வேண்டிய இடத்துல ஒண்ணு போட்டார். சரி பண்ணச் சொன்னா சள்ளுனு விழுந்தார். என்னைக்கும் அப்படிப் பேசினவர் இல்லை. "முறை உங்களுதா என்னுதா"ன்னு கேட்டதையே திருப்பிக் கேட்டார். ஆளைப் படிக்கத் தெரியும்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு, அதை மட்டும் படிக்கலைன்னு சொன்னா நீ என்னைக் காறித் துப்புவே. படிச்சேன். அவர் ஊசி போட்டதும் தெரியும், சாப்பிடாததும் தெரியும். மாறனோட அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. இப்படி சர்க்கரை இறங்கினா உடனே இனிப்பு குடுக்கணும்னு எனக்குத் தெரியாதது இல்லை.

அவர் பக்கத்துல கொட்டை தீர்ந்து போச்சு. தீர்ந்தா சட்டப்படி ஆட்டம் முடியும். என் குவியல்ல பாதியை அவர் பக்கம் தள்ளினேன். "பெரிய மனசு சம்பந்தி உங்களுக்கு"ன்னார். நாக்கு குழறிச்சு, ஆனா அதைத்தான் சொன்னார்.

அப்புறம் கேட்டார். "சம்பந்தி, அந்தச் சட்டையைக் கொஞ்சம் எடுங்க. பாக்கெட்டுல மிட்டாய் இருக்கு."

ஆணி என் தலைக்கு மேலதான் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேணாம், கையை நீட்டினா போதும்.

"இந்தக் கை முடியட்டும்"னேன்.

"ஷோ கேளுங்க அப்போ."

"கேட்கறேன், கேட்கறேன்"னேன். சொல்லிட்டு இன்னொரு கொட்டையை எடுத்து வெச்சேன்.

அவர் எழுந்து எடுத்திருக்கலாம். நான் கையைப் பிடிச்சு இழுக்கலை. ஒரு தரம் தரையில கையை ஊனி எழப் பார்த்தார். பாதியில சீட்டைப் பார்த்தார். எழுந்தா கை செத்துது, நீ இங்கேயே கிடப்பே. மறுபடி உட்கார்ந்துட்டார். அது அவர் எடுத்த முடிவு. அதுல எனக்குப் பங்கு இல்லைன்னுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல பக்கவாட்டுல சாய்ஞ்சார். சாய்ஞ்ச உடனே நான் உன்னைக் கூப்பிடலை. முதல்ல சீட்டை வாரிக் கட்டோட சேர்த்தேன். கொட்டையைப் பையில அள்ளினேன். அப்புறம் ஆணியில இருந்த சட்டையை எடுத்து அவருக்கு மாட்டி, பொத்தானைப் போட்டு விட்டேன். கூட்டம் கூடும், வெத்து உடம்போட கிடந்தா நல்லா இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுக்கு அப்புறம்தான் கூப்பிட்டேன்.

ஆட்டோ கிடைச்சும் கிரிவலக் கூட்டத்துல நகரலை. உங்கப்பா தலையை மடியில வெச்சுக்கிட்டு, "ஊசி போட்டாரா மாமா, சாப்பிட்டாரா"ன்னு கேட்டே. ஊசி போட்டது தெரியலைம்மான்னேன். வெயில்ல மயக்கம் போட்டுட்டார்னு ஆஸ்பத்திரியிலயும் அதையே சொன்னேன். ரத்தத்தை எடுத்துப் பார்த்து அவங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. மறுநாள் விடியறப்ப முடிஞ்சது. அவர் சட்டையை உன் கையில குடுத்தப்ப, "பாக்கெட்லயே மிட்டாய் இருந்துதேப்பா, ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கலையே"ன்னு அழுதே. நான் உன் தோளைத் தட்டிக் குடுத்தேன்.

கலையரசன்தான் உன்கிட்ட சொல்லியிருக்கான். அன்னைக்கு மூக்குக் கண்ணாடியை மறந்துட்டு திரும்பப் படி ஏறி வந்திருக்கான். உங்கப்பா சட்டையைக் கேட்டதும் நான் சொன்ன பதிலும் காதுல விழுந்து, உள்ளே வரப் பயந்து அப்படியே இறங்கிப் போயிருக்கான். இத்தனை மாசம் வாயைத் திறக்காதவன் இப்போ திறந்துட்டான். அவனை நான் தப்பாத்தான் படிச்சிருக்கேன். பயந்தவன்னா எதையும் கையில வெச்சுக்க மாட்டான்னு நினைச்சேன். பரவாயில்லை. போலீஸுக்குப் போனாலும் என்னன்னு எழுதுவாங்க. கிழவன் புளியங்கொட்டை வெச்சு சீட்டாடினான்னா.

ஒண்ணு மட்டும் கலையரசனுக்கும் தெரியாது. கேளு.

வாரிச் சேர்க்கறதுக்கு முன்னால சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையில ஒண்ணுமில்லை. ஒரு ரெண்டு, ஒரு ஏழு, ஒரு ஒன்பது, அதுவும் ஒண்ணுக்கொண்ணு சேராதது. உங்கப்பா விரலைப் பிரிச்சு அவர் சீட்டை எடுத்தேன். மூணு ராணி. அந்த மாதிரி கை எனக்கு இந்த வயசு வரைக்கும் ரெண்டு தரம் கூட வந்தது இல்லை. நான் எப்போ ஷோ கேட்டிருந்தாலும் அவர்தான் ஜெயிச்சிருப்பார். நீ அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிருப்பே, அவர் கீழே இறங்கி சோறு சாப்பிட்டிருப்பார்.

ஆனா ஷோ கேட்கலை பாரு. கேட்காத வரைக்கும் அது முடியாத ஆட்டம். யாரும் ஜெயிக்கலை. வாக்கு மாறினேன்னு என்னை யாரும் சொல்ல முடியாது. நான் அவரை சாகடிக்கணும்னு உட்கார வெக்கலை. அவர் கையை விட்டுடணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் விடலை. சாகற வரைக்கும் விட மாட்டார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆடினேன். நீ உண்மையைக் கேட்டே, இதுதான் உண்மை. உங்கப்பாவைக் கொன்னது நான்தான்.

இதை ஏன் இப்போ மறைக்காம சொல்றேன் தெரியுமா. உன்னையும் நான் படிச்சு வெச்சிருக்கேன். உன்கிட்ட பயமுறுத்தல் பலிக்காது. அழுதாலும் பலிக்காது. பொய் சொன்னா மறு வார்த்தை பேசாம போயிடுவே. எல்லாத்தையும் திறந்து காட்டினவனை மட்டும் உன்னால விட்டுட்டுப் போக முடியாது. மாறன் குடிச்சிட்டு வந்து அதை மறைக்காம ஒத்துக்கிட்ட ராத்திரி எல்லாம் நீ அவனுக்கு சோறு போட்டதை நான் பார்த்திருக்கேன். உன் தினுசுக்கு உண்மைதான் சரியான ஆட்டம். போகணும்னு முடிவு பண்ணினவ எதுக்கு வந்து உண்மையைக் கேட்கப் போறா. இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னுதான் கேட்டே. குடுத்துட்டேன்.

ஏதாவது சொல்லு. சரி, இப்போ சொல்ல வேணாம். இறங்கிப் போறியா, போ. மெதுவாப் போ, படி உயரம் ஜாஸ்தி. அடுப்பைப் பத்த வெக்கிற வேளைதான். நீ பேசாம இறங்கினா கோபம் இல்லைன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா. கோபம்னா நின்னு கத்துவே.

கீழே ஆட்டோ வந்து நிக்கற சத்தம் கேக்குது. ரூம் பார்க்க யாரோ வந்திருக்காங்க போல. பெட்டியை ஏத்தறாங்களா இறக்கறாங்களான்னு இங்கேயிருந்து தெரியலை. அருணா, வந்தவங்களுக்கு ரெண்டாம் நம்பர் ரூமைத் திறந்து காட்டும்மா.